சீலாவுக்கு வெட்டின சட்டை

மகள் சீலா பத்து நாள் விடுமுறையில் வருகிறாள் என்று கன்னியர் மடத்திலிருந்து கடிதம் வந்த அன்றே, றீற்றா கத்தரிக்கோலைச் சாணை பிடிக்கக் கொடுத்துவிட்டாள். கன்னியாஸ்திரியாக மடத்து உடுப்புப் போடுவதற்கு முன்னர், போய் நன்றாக யோசித்துவிட்டு வா என்று பிள்ளைகளை ஒருமுறை வீட்டுக்கு அனுப்புவது அங்கே வழக்கம். றீற்றா அந்த 'யோசித்துவிட்டு' என்ற சொல்லைத்தான் இறுகப் பிடித்துக்கொண்டாள். அழுது பார்த்தாயிற்று, சுவாமியாரிடம் முறையிட்டும் பார்த்தாயிற்று. மகளைத் திருப்ப அவள் கையில் மிச்சமிருந்தது தையல் ஒன்றுதான்.

திருகோணமலைத் துறைமுகத்தில் வெள்ளைக்காரக் கடற்படை இருந்த காலத்தில் துரைசானிமாருக்குத் தைத்துக் கொடுத்தவள் அவள். அவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு போனபோது ஒருத்தி சட்டை வெட்டும் கடதாசி அச்சு ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். வெயில் காலத்துச் சட்டை. கை இல்லை, சதுரக் கழுத்து, இடுப்புக்குக் கீழே குடைபோல விரியும். நாலு வருடம் அலுமாரியில் கிடந்ததை எடுத்து மேசையில் பரப்பினாள். வெள்ளைக்காரியின் உடம்புக்குக் கீறின அச்சு நம்முடைய பிள்ளைக்கு எங்கே பொருந்தும்? இடுப்புக்கு மேலே ஒன்றரை அங்குலம் மடித்துக் குறைத்தாள். தோளை ஒடுக்கினாள். கையில்லாத சட்டையோடு பூசைக்குப் போக ஏலாது என்பதால் பழைய பத்திரிகையில் குட்டைக் கை ஒன்று வெட்டிச் சேர்த்தாள்.

அளவெடுக்க மகள் பக்கத்தில் இல்லை. சீலாவின் கடைசிப் பள்ளிக்கூடச் சட்டையை அளவுக்கு வைத்து, மஞ்சள் சீத்தைத் துணியை வெட்டினாள். வெட்டும்போது வழக்கம்போல வளர்த்திக்கும் இரண்டு அங்குலம் விட்டாள். இருபது வயதுப் பிள்ளை இனி எங்கே வளரப்போகிறாள் என்று கணவன் ஹெக்டர் சிரித்தார். தாய்மாரின் கத்தரிக்கோலுக்கு வயதுக் கணக்குத் தெரிந்தால்தானே.

சீலா ஒரு வெள்ளிக்கிழமை பாலையூற்று வீட்டுக்கு வந்து இறங்கினாள். மடத்துக்குப் போன ஒன்றரை வருடத்தில் பாதியாய்ப் போயிருந்தாள். சட்டையைப் போட்டுப் பார்த்தால் தோளில் நிற்காமல் வழுகியது. அங்கே சோறு போடுவதில்லையா என்று றீற்றா சண்டைக்கே போனாள். சோறும் நிறைய, வேலையும் நிறைய என்று சீலா சமாளித்தாள். தாயின் முகம் தெளியாததைக் கண்டு, இந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு வந்துவிட்டுத்தான் மடத்துக்குத் திரும்புவேன் என்று வாக்குக் கொடுத்தாள்.

அந்த வாக்கு றீற்றாவின் தலைக்குள் வேலை செய்யத் தொடங்கியது. சட்டை முடியாவிட்டால் பிள்ளை எப்படிப் போவாள்? முதல் ஞாயிறு, சட்டை முடியவில்லை என்று சுலபமாகத் தப்பிப் போனது. பிறகு ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு குற்றம் கண்டுபிடித்தாள். இடுப்புச் சுருக்கு சரியில்லை என்று பிரித்தாள். கழுத்து இழுக்கிறது என்று பிரித்தாள். சீலா குண்டூசி குத்திய சட்டையோடு கையை அகட்டிக்கொண்டு மணிக்கணக்காக நின்றாள். அந்தப் பொறுமைதான் றீற்றாவைக் கொன்றது. முன்பென்றால் சீலா இதற்குள் காலை உதைத்து வீட்டை இரண்டாக்கியிருப்பாள்.

சனிக்கிழமை பின்னேரம் றீற்றா குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்தபோது தையல் மெசின் ஓடும் சத்தம் கேட்டது. கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தாள். சீலா கடைசி விளிம்பை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். மடத்தில் தனக்குத் தையல் வகுப்பு நடத்தும் வேலைதான் தந்திருக்கிறார்கள் என்றாள்.

"நீங்கள் பிரிச்சுப் பிரிச்சுத் தைக்கிறது எனக்குத் தெரியும் அம்மா," என்றாள், மெசினை நிறுத்தாமலே. "உங்கட கை நோகுமெண்டுதான் நான் முடிச்சிட்டன்."

றீற்றாவுக்கு வெட்கமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது. மீனுக்குத் திரும்பிப் போனாள். இன்னும் ஒரு நம்பிக்கை மிச்சமிருந்தது. போடட்டும், போட்டுத் தன்னைத் தானே பார்க்கட்டும், பார்த்தபிறகு எந்தப் பெண்ணுக்கு அந்த வெள்ளை அங்கியில் மனம் போகும்?

ஞாயிறு காலை சீலா சட்டையைப் போட்டுக்கொண்டு அறை நடுவில் வந்து நின்றாள். எங்கும் ஒரு நூல் பிழையில்லை. தோள் தோளில் இருந்தது, இடுப்பு இடுப்பில் இருந்தது. அவ்வளவு வடிவாய் மகளை றீற்றா அதுவரை கண்டதில்லை. அலுமாரிக் கதவை அகலத் திறந்து, அதன் உள்பக்கக் கண்ணாடியை அவளுக்கு நேரே திருப்பிவிட்டாள்.

சீலா அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பார்க்கக்கூடாது என்று முகத்தைத் திருப்பவுமில்லை. அங்கே ஒரு கண்ணாடி இருப்பதே நினைவில்லாதவளாய், தாயின் முகத்தையே பார்த்தபடி நின்றாள்.

"உங்களுக்குச் சந்தோஷமா அம்மா?"

தாய்க்காகப் போட்டிருக்கிறாள், தாய்க்காக மட்டும்தான் போட்டிருக்கிறாள் என்பது றீற்றாவுக்கு அப்போது விளங்கியது. பிள்ளை யோசித்து முடித்து எத்தனையோ நாளாகியிருந்தது. அலுமாரிக் கதவைச் சாத்திவிட்டு வந்து, மகளின் கழுத்துப் பட்டியை, நேராக இருந்ததையே, இன்னொருமுறை நேராக்கினாள்.

"ஓம் பிள்ளை, சந்தோஷம்," என்றாள். பிறகு, இத்தனை நாளும் வாய்வரை வந்தும் கேட்காததைக் கேட்டாள். "நாளைக்கு எத்தினை மணிக்கு பஸ்?"

"ஏழரைக்கு," என்ற சீலா, தன் கழுத்தடியில் இருந்த தாயின் கையை விடாமல் பிடித்துக்கொண்டாள்.