பஞ்சில் ஒட்டிய நீலம்

அன்று காலை போர்ட்டிகோவிலும் பக்கத்திலுமாக இருந்தவர்கள் ஐந்து பேர். அத்தான் பிரம்பு நாற்காலியில், காலை நீட்டிக்கொண்டு. அக்கா வாசற்படியில், தூணில் சாய்ந்தபடி. தம்பி மனைவி அவளுக்கு ஒரு படி கீழே, மடியில் முறத்தை வைத்துப் பூண்டு உரித்துக்கொண்டு. பக்கத்து வீட்டு டெய்லர் உட்காரவில்லை; அந்தப் பக்கம் நின்று மதில்மேல் இரண்டு முழங்கைகளையும் ஊன்றியிருந்தார். ஐந்தாவது ஆள் அக்காவின் தம்பி, முறைப்படியார். காரின் முன்னால் குந்தியிருந்தார்.

எதையும் முறைப்படி செய்யணும் என்று சொல்லிச் சொல்லியே அவருக்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. கார் கருநீலம். போன மாதம்வரை அத்தானுடையது. "ஒரு இடத்துல இடிச்சதில்ல, ஒரு சொட்டு பெயின்ட் மாத்தினதில்ல மாப்ள" என்று சொல்லித்தான் விற்றார். அக்காவும் பக்கத்தில் நின்று தலையாட்டினாள். வேறு யாராவது விற்றிருந்தால் முறைப்படியார் மெக்கானிக்கைக் கூட்டிவந்து காட்டியிருப்பார். அக்காவே தலையாட்டிவிட்ட பிறகு மெக்கானிக் எதற்கு?

ஒரே ஒரு குறை. வெயிலில் நிறுத்தினால் வண்டி முழுக்கச் சிலந்தி வலை பின்னியதுபோல வட்ட வட்டமாக மெல்லிய கீறல்கள் தெரியும். மண் ஒட்டிய துணியால் தேய்த்துத் தேய்த்து வந்த வினை.

"ஓடுற வண்டி ஓடட்டும் மாப்ள. இதுக்குப் போய் ஏன் மெனக்கெடுற?"

"எல்லாம் உங்க கைவண்ணம் அத்தான். சட்டி தேய்க்கிற மாதிரி தேய்ச்சு வச்சிருக்கீங்க."

"சட்டியாவது தேய்ச்சிருக்காரான்னு உங்க அக்காகிட்ட கேளுங்க" என்றார் டெய்லர். மனைவி முறத்துக்குள் குனிந்து சிரித்தாள்.

முறைப்படியார் வண்டியைக் கழுவி, ஈரம் ஒற்றி, களிமண் போன்ற ஒரு கட்டியால் ஒட்டியிருந்த அழுக்கையெல்லாம் உருவி எடுத்திருந்தார். ரப்பர் ஓரங்களுக்கு டேப் ஒட்டியாயிற்று. பாலிஷ் மெஷினின் வட்டப் பஞ்சில் பாலிஷைத் தொட்டு, முதலில் பானெட்டில் உள்ளங்கை அளவு இடத்தில் மெஷினை ஓட்டிப் பார்த்தார். துடைத்தால் வலையைக் காணோம். பிறகு பானெட் முழுவதும் தேய்த்தார்.

"அதுல உங்க நரைகூடத் தெரியுதுங்க" என்றாள் மனைவி.

அவர் பஞ்சைத் தூக்கிக் காட்டினார். "பார், வெள்ளையா இருக்கு. கம்பெனி பெயின்ட்டுக்கு மேல கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு இருக்கும். நாம தேய்க்கிறது அதை மட்டும்தான். அதனால நிறம் கழன்று வராது. பாலிஷ் கடைக்காரர் சொன்னார்."

மற்ற இடமெல்லாம் முடித்து, கடைசியாக ஒரு முன்கதவுக்கு வந்தார். அக்கா எப்போதும் உட்கார்ந்து வரும் பக்கத்துக் கதவு.

"அது நல்லாத்தானே இருக்கு? விட்டுடு மாப்ள, சாப்பிடலாம்."

"பாதியில விட்டா முறையா அத்தான்?"

மெஷினை வைத்து எடுத்ததும் பஞ்சு நீலமாக இருந்தது. அழுக்கோ என்று புதுப் பஞ்சை மாட்டினார். அதிலும் நீலம். வெள்ளைத் துணியால் துடைத்தார். துணியிலும் அதே நீலம்.

அவர் மெஷினை நிறுத்தினார். "அத்தான், இந்தக் கதவுக்கு வெளியில கொடுத்து மறுபடி பெயின்ட் அடிச்சிருக்கு."

"சும்மா லேசா உரசினதுதான்..."

"உரசினதுக்கு யாராவது கதவு முழுக்க அடிப்பாங்களா?"

மதில்மேலிருந்த முழங்கைகள் மெல்ல இறங்கி மறைந்தன. முறைப்படியாரோ அத்தானைப் பார்க்கவில்லை, அக்காவைப் பார்த்தார். போன மழைக்காலத்தில் ஒடிந்து, உள்ளே தகடு வைத்துச் சேர்த்த கையை அவள் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நீ சொன்ன மாதிரி குளியலறையில வழுக்கி விழல."

அக்கா தலை நிமிரவில்லை. "போனைப் பார்த்துக்கிட்டே ஓட்டினார்டா. உனக்குத் தெரிஞ்சா அவரைச் சும்மா விடுவியா?"

"சரி, அவருக்காக மறைச்ச. உங்க ஹவுஸ் ஓனர் என்ன பாவம் பண்ணாரு?"

கை ஒடிந்த மறுநாளே முறைப்படியார் அக்கா குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரருக்குக் கடுதாசி போட்டிருந்தார். வழுக்குகிற டைல்ஸைப் பதித்து ஒரு பெண்ணின் கையை ஒடித்துவிட்டீர்கள், உங்களுக்கு மனசாட்சி இருக்கிறதா என்று. அந்த மனிதர் ஓடிவந்து, அக்காவின் கட்டில் அருகே நின்று கண்கலங்கி மன்னிப்புக் கேட்டார். தரையைப் பெயர்த்து வேறு டைல்ஸ் பதித்தார்.

"அவர் உன் முன்னாடி கைகட்டி நின்னப்பகூட நீ பேசல. பக்கத்துல என்னையும் நிக்க வச்சுட்டு, கேட்டுக்கிட்டுப் படுத்திருந்த."

"வண்டியைத் திருப்பி எடுத்துக்கிறேன் மாப்ள. இதோட விட்டுடு."

"வண்டி கிடக்கட்டும் அத்தான்."

கைகழுவிவிட்டு உள்ளே போய் மேசைமுன் உட்கார்ந்தார். அக்கா பின்னாலேயே வந்து நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"அவருக்கு எழுதாத தம்பி. அந்த வீட்டுல நாங்க எந்த முகத்தை வச்சுக்கிட்டு இருக்கிறது?"

"இத்தனை நாளா அவர் எந்த முகத்தை வச்சுக்கிட்டு இருந்தாரு?"

"நான் உன் கூடப்பிறந்தவடா."

"அதனாலதான் நம்பினேன்."

'ஐயா, தங்கள் தரைமீது நான் சுமத்திய குற்றம் உண்மையன்று. என் அக்காவின் கை கார் விபத்தில் ஒடிந்தது. விசாரிக்காமல் எழுதியது என் பிழை. மன்னிக்கவும்.' அதற்குமேல் அக்காவைப் பற்றி ஒரு வரி எழுதப் பேனா போனது. எழுதவில்லை. கையெழுத்துப் போட்டு மடித்தார்.

உறையில் பசை தடவும்போது அக்கா அழத் தொடங்கினாள். மனைவி வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள், கணவரைத் தடுக்கவில்லை. அவர் உறையின் வாயைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினார். தபால்தலையை ஒட்டி, செருப்பை மாட்டிக்கொண்டு, தெருமுனைத் தபால் பெட்டிவரை நடந்துபோய்க் கடிதத்தை உள்ளே போட்டார்.