கேசவனின் முடியாத கையேடு

என் கணவர் ஜெபசீலனுக்குப் பார்வை போனபோது, அவர் பம்மலில் ஒரு தோல் கம்பெனியில் டைப்பிஸ்டாக இருந்தார். பார்வையோடு வேலையும் போயிற்று. இரண்டு வருடம் வீட்டில் ரேடியோதான். 1998 ஜூனில் குரோம்பேட்டையில் ஓர் அறக்கட்டளை ஆபீசில், "கம்ப்யூட்டரில் தமிழ்க் கடிதம் தானே அடித்துக் காட்டட்டும், எடுத்துக்கொள்கிறோம். திங்கட்கிழமை வரச் சொல்லுங்கள்" என்றார்கள்.

அதற்கு ஒரு வழி இருந்தது. என்னோடு பள்ளியில் வேலை பார்க்கும் காமுவின் வீட்டுக்காரர் கேசவன், தமிழ் எழுத்தை அடிக்க அடிக்க உரக்கச் சொல்லும் மென்பொருள் ஒன்று எழுதியிருந்தார். குரல் காமுவுடையது. விலை கிடையாது. நிரலையும் சேர்த்து இண்டர்நெட்டில் போட்டு, வேண்டியவர்கள் எடுத்துத் திருத்திக்கொள்ளட்டும் என்பது அவர் எண்ணம். ஆனால் கையேடு முடியாமல் வெளியே விடமாட்டார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் இவரை அழைத்துக்கொண்டு மாடம்பாக்கத்தில் அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

"இன்னும் ஒரு மாசம், அண்ணா. பாதிதான் எழுதியிருக்கேன்," என்றார் கேசவன்.

"எனக்குத் திங்கட்கிழமை வேணும், தம்பி."

"கம்பெனியில எவனோ எழுதிட்டுப் போன நிரலை என் தலையில கட்டினாங்க. ஒரு வரி விளக்கம் இல்லை. அவன் என்ன நினைச்சு எழுதினான்னு தேடியே என் முடியெல்லாம் கொட்டிப்போச்சு. அந்தப் பாவத்தை நான் இன்னொருத்தருக்குச் செய்ய மாட்டேன்."

"முடி கல்யாணத்தப்பவே இல்லை," என்றாள் காமு, உள்ளேயிருந்து.

கேசவன் அதுவரை எழுதியதைப் பிரிண்டரிலிருந்து கிழித்து இவர் கையில் கொடுத்தார். இவர் எடை பார்ப்பது போலத் தூக்கிப் பார்த்தார்.

"நல்லா உழைச்சிருக்கீங்க. இதை எனக்கு யார் படிச்சுக் காட்டுறது? ஹில்டா ஸ்கூலுக்குப் போயிடுவாளே," என்றார் என் பக்கம் திரும்பி.

பார்வை இல்லாதவர்களுக்கு மென்பொருள். அதற்குக் கண்ணால் படிக்கிற கையேடு. அதுவரை எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

காமு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டாள். "முதல்ல உக்காந்து அடிங்க அண்ணா."

இவர் விறுவிறுவென்று அடித்தார். கம்ப்யூட்டர் காமுவின் குரலில் எழுத்தெழுத்தாகச் சொல்லிக்கொண்டே வந்தது. வரி முடிந்ததும், டைப்ரைட்டரின் கைப்பிடியைத் தள்ளுகிற பழக்கத்தில் இடது கை மேலே போய், மூலையிலிருந்த கீயில் இடித்தது. திரையில் இருந்ததெல்லாம் அழிந்துவிட்டது. குரல் அதைச் சொல்லவில்லை. இவர் பாட்டுக்கு அடுத்த வரியை அடித்துக்கொண்டிருந்தார்.

நான்தான் கையைப் பிடித்து நிறுத்தி விஷயத்தைச் சொன்னேன்.

"அந்த கீயைப் பத்தி விளக்கமாவே எழுதியிருக்கேன்," என்றார் கேசவன் மெல்ல.

"தாள்ல எழுதினா எனக்கு எப்படித் தெரியும் தம்பி? அழிக்கிறதுக்கு முன்னாடி காமு ஒரு வார்த்தை கேக்கட்டும்."

சனியும் ஞாயிறும் இவர் அங்கேயே அடித்துப் பழகினார். எங்கே தடுமாறினாரோ அங்கே காமு பேசிக்கொடுத்தாள், கேசவன் அதை நிரலில் சேர்த்தார். திங்கட்கிழமை என்னைப் போலவே கேசவனும் லீவு போட்டுக் கூடவே வந்து, ஆபீஸ் கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் ஏற்றிக்கொடுத்தார். மேனேஜர் ஒரு கடிதம் சொன்னார், இவர் அடித்தார். சில பிழைகள் இருந்தன. ஆனாலும் மறுநாளிலிருந்து வரச் சொல்லிவிட்டார்.

நேராக மாடம்பாக்கத்துக்குத்தான் போனோம். காமு ஸ்கூல் விட்டு வந்ததும் கேசரி கிளறினாள். "அப்போ இண்டர்நெட்டில் போட்டுடலாமே," என்றேன்.

கேசவன் தயங்கினார். "அண்ணாவுக்குப் பக்கத்துல நான் இருந்தேன். எங்கேயோ திருநெல்வேலியில ஒருத்தர் எடுத்து மாட்டிக்கிட்டா, பக்கத்துல யார் இருப்பா?"

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. இவர் ஸ்பூனைக் கீழே வைத்தார்.

"கையேடு முடியலைன்னு முதல்லயே குரல்ல சொல்லிடுங்க தம்பி. அப்புறம் எங்க வீட்டு போன் நம்பரையும் சொல்லுங்க."

கேசவன் எழுந்து போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். பிறகு நம்பரைக் கேட்டு அடித்தார்.

"ஆறு மணிக்கு மேலன்னு சேருங்க," என்றார் இவர். "பகல்ல நான் ஆபீசுல இருப்பேன்."