இரண்டாம் ஷெட்டின் உள்ளங்கால்கள்

பண்ணைக்காரம்மாவுக்குக் கோழிகள் மேல் தனிப்பட்ட பாசம் ஒன்றும் கிடையாது. இருபது வருஷமாகப் பிராய்லர் வளர்க்கிறவள். ஐந்து வாரத்தில் லாரி ஏறிப் போகிற ஜீவன்களோடு உறவு கொண்டாடினால் வருஷத்துக்கு ஆறு தடவை அழ வேண்டியிருக்கும் என்று அவளே சொல்வாள். ஆனால் ஓரவஞ்சனை மட்டும் அவளுக்கு ஆகாது. நான்கு ஆண்பிள்ளைகளுக்கு நடுவே ஒற்றைப் பெண்ணாகப் பிறந்து, எல்லோரும் சாப்பிட்ட பிறகு பானையைச் சுரண்டி வளர்ந்தவள். ஒரு கண்ணுக்கு வெண்ணெயும் மறு கண்ணுக்குச் சுண்ணாம்பும் வைக்கிற காரியம் எங்கே நடந்தாலும், அது கோழிக்கே நடந்தாலும், அவளுக்குக் கை பரபரக்கும்.

இந்தச் சங்கதியை மறந்துவிட்டுத்தான் அவளுடைய கொழுந்தன் தன் ஆராய்ச்சிக்கு அந்தப் பண்ணையைத் தேர்ந்தெடுத்தான். அவள் கல்யாணமாகி வந்தபோது அரை டிராயரோடு திரிந்தவன், இப்போது தீவனக் கம்பெனி ஒன்றில் கால்நடை டாக்டர். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஷெட், ஒரே அளவு, ஷெட்டுக்கு இரண்டாயிரம் கோழி. ஆராய்ச்சிக்கென்றே கட்டிவைத்த மாதிரி இருக்கிறது என்று பூரித்துப்போனான்.

முதல் நாள் அண்ணனையும் அண்ணியையும் உட்காரவைத்து விளக்கினான்.

"தீவனத்துல இருக்கிற சோளமும் சோயாவும் முழுசா செரிக்கிறதில்ல அண்ணி. செரிக்காதது குடல்ல பசை மாதிரி ஆயிடும். எச்சம் ஈரமா, ஒட்டிக்கிட்டு விழும். அது மேலயே நாள் முழுக்க நின்னா உள்ளங்கால் வெந்து புண்ணாயிடும். இந்த என்சைம் பொடி அந்தப் பசையை உடைச்சிரும். எச்சம் காஞ்சு விழும், காலும் நல்லா இருக்கும்."

"அப்போ ரெண்டு ஷெட்டுக்கும் போட வேண்டியதுதானே?"

முதல் ஷெட்டுக்கு மட்டும்தான் பொடி கலந்த தீவனம் என்றான் அவன். இரண்டாவது ஷெட்டுக்குப் பொடி இல்லாத தீவனம். அப்போதுதான் வித்தியாசம் தெரியும். மற்றபடி தண்ணீர், காற்று, கீழே பரப்புகிற மரத்தூள் எல்லாம் இரண்டுக்கும் இம்மியளவும் மாறக் கூடாது. பொடி இல்லாத ஷெட்டுக்கு 'கன்ட்ரோல்' என்று பெயர் என்றும் சொன்னான். தப்பு தண்டா எதுவும் செய்யாமல் கட்டுப்பாடாக இருக்கிறவர்களுக்குத்தான் எப்போதும் இந்தக் கதி என்று அவள் முணுமுணுத்தது அவன் காதில் விழவில்லை.

இரண்டு வாரம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. மூன்றாவது வாரம் இரண்டாம் ஷெட்டில் கால் வைத்தபோது அவளுடைய ரப்பர் செருப்பு சப்பென்று ஒட்டியது. கண்ணை எரிக்கிற வாடை. கோழிகள் நடக்கச் சோம்பி உட்கார்ந்தே கிடந்தன. ஒன்றைப் பிடித்துத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தாள். உள்ளங்காலில் துவரம்பருப்பு அளவுக்குக் கறுப்பாக ஒரு புள்ளி. பக்கத்து ஷெட்டிலிருந்து ஒன்றைப் பிடித்துவந்து பார்த்தாள். அதன் பாதம் பிறந்த குழந்தையின் பாதம் மாதிரி இருந்தது.

தீவனத்தில் அவள் கை வைக்கவில்லை. அது துரோகம் என்று அவளுக்குத் தெரியும். ஒரு மூலையில் கட்டிதட்டிப் போயிருந்த மரத்தூளை மட்டும் வாரியால் கிளறிவிட்டாள். ஒரு மூலைக்குச் செய்துவிட்டு மற்ற மூன்றை விட்டுவைப்பது என்ன நியாயம்? மறுநாள் மற்ற மூன்றையும் கிளறினாள். அதற்கு மறுநாள் ஈரமான இடங்களை வழித்தெடுத்துப் புதுத் தூள் பரப்பினாள். தண்ணீர் நிப்பிள்கள் தாழ்ந்து தொங்கிச் சொட்டுவதைப் பார்த்து, கோழிகள் கழுத்தை நிமிர்த்திக் குடிக்கிற உயரத்துக்கு ஏற்றிக் கட்டினாள். வீட்டில் சும்மா சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறி ஒன்றும் இரண்டாம் ஷெட்டுக்குக் குடிபெயர்ந்தது. முதல் ஷெட்டுக்கு இதில் எதுவும் கிடைக்கவில்லை. அவற்றுக்குத்தான் பொடி இருக்கிறதே.

பண்ணைக்காரர் தேவையில்லாமல் வாய் திறக்காதவர். தேவை என்று அவருக்குப் படுவதும் அபூர்வம். மின்விசிறி போனது மட்டும் அவருக்கு உறைத்தது. எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று தம்பி சொன்னதை நினைவுபடுத்திப் பார்த்தார்.

"தீவனத்தை மாத்தினேனா? ஒரு சிட்டிகைப் பொடி போட்டேனா?" என்று கேட்டாள் அவள். அவர் வியர்த்தபடி செய்தித்தாளால் விசிறிக்கொண்டார்.

முப்பத்துமூன்றாம் நாள் கொழுந்தன் தன் மேலதிகாரி அம்மாளோடு வந்து இறங்கினான். ஒவ்வொரு ஷெட்டிலும் நூறு கோழிகளைப் பிடித்து, பாதத்தை ஈரப் பஞ்சால் துடைத்து, மதிப்பெண் போட வேண்டும். சுத்தமாக இருந்தால் பூஜ்யம், லேசாகக் கறுத்திருந்தால் ஒன்று, புண்ணாக இருந்தால் இரண்டு. பரீட்சையில் முட்டை வாங்கினால் சந்தோஷப்பட வேண்டிய ஒரே இடம் இதுதான் என்று அவன் ஜோக் அடித்தான். மேலதிகாரி சிரிக்கவில்லை.

முதல் ஷெட்டில் நூற்றில் பதினான்கு கோழிகளுக்குப் புண். பரவாயில்லை என்று அவன் தலையாட்டினான். இரண்டாம் ஷெட்டுக்குப் போனார்கள். பூஜ்யம். பூஜ்யம். பூஜ்யம். முப்பது கோழி தாண்டியதும் அவன் குரல் இறங்கியது. அறுபதாவது கோழியின் காலை மூன்று தடவை துடைத்தான், எங்காவது ஒரு புண் தென்படாதா என்று. கடைசியில் நூற்றுக்கு மூன்றுதான் தேறியது.

மேலதிகாரி நோட்டை மூடிவிட்டு, பொடி எந்த ஷெட்டுக்குப் போட்டீர்கள் என்று நிதானமாகக் கேட்டார். தீவன ஆலையில் மூட்டை மாறியிருக்க வேண்டும் என்றான் அவன். உடனே ஆலைக்குப் போன் போட்டான். கிடங்குக்காரர் பதினோரு வருஷமாக ஒரு மூட்டைகூட மாற்றி அனுப்பாதவராம். அந்தப் பக்கம் அவர் சத்தியம் செய்வது ஷெட் வாசல்வரை கேட்டது. விசாரணைக்கு நாளைக்கே வந்து நில்லுங்கள் என்று இவன் கத்தினான்.

முகம் தெரியாத ஒரு மனிதர் தன்னால் திட்டு வாங்குவதைக் கேட்டுக்கொண்டு நிற்க அவளால் முடியவில்லை.

"போனை வை தம்பி. மூட்டை மாறல. நான்தான் மனசு மாறிட்டேன்."

வாரியிலிருந்து மின்விசிறிவரை ஒன்று விடாமல் சொன்னாள். கொழுந்தன் தலையில் கைவைத்துத் தீவன மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டான். ஐந்து வார உழைப்பு, நாலாயிரம் கோழி, எல்லாம் வீண் என்று புலம்பினான். நான் அழுக்கைக் கிளறினதுக்கு உனக்கு ஏன் வயிறு எரியுது என்று அவள் கேட்டாள். நிப்பிளை எவ்வளவு உயரத்துக்கு ஏற்றினீர்கள் என்று மேலதிகாரி மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு, அடுத்த தடவையும் இதே பண்ணையில்தான் ஆராய்ச்சி, டாக்டர் ஐந்து வாரமும் இங்கேயே தங்கிக் காவல் இருக்கட்டும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு காரில் ஏறினார்.

அடுத்த தொகுதிக் குஞ்சுகள் வந்தன. கொழுந்தன் இரண்டாம் ஷெட் வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தான். இரண்டு ஷெட்டுக்கும் வாரத்துக்கு ஒரே ஒரு தடவை கிளறல், அளந்து பார்த்து ஒரே அளவு மரத்தூள். அவள் வாக்குக் கொடுத்துவிட்டாள். வாசல் படியைக்கூட மிதிக்கவில்லை. காலையில் அவனுக்குக் காபி கொடுக்கும்போது மட்டும் ஒரு கேள்வி கேட்பாள்.

"இன்னிக்கு கோழிங்க எப்படி நடக்குதுங்க?"

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். இதுநாள்வரை கடைசி நாளில் வந்து எண்ணிவிட்டுப் போனவனுக்கு, புள்ளி புண்ணாவதை நாள்தோறும் பார்ப்பது புது அனுபவம். நான்காவது வாரம் இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொள்வதை நிறுத்திவிட்டான். நடை தளர்ந்த ஒரு கோழியைத் தூக்கிக் காய்ந்த இடத்தில் விட்டதை அண்ணன் பார்த்துவிட்டார். உடனே அவனே உள்ளே போய், அதை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தான்.

மறுபடி முப்பத்துமூன்றாம் நாள். முதல் ஷெட்டில் நூற்றுக்கு ஆறு புண். இரண்டாவதில் நாற்பத்தொன்று. பொடி வேலை செய்தது, சந்தேகத்துக்கே இடமில்லை. மேலதிகாரி அவன் கையைக் குலுக்கினார். போகிற போக்கில், பொடியோடு உங்கள் வைத்தியத்தையும் சேர்த்தே எல்லாப் பண்ணைக்கும் எழுதி அனுப்பப்போகிறோம் என்று பண்ணைக்காரம்மாவிடம் சொன்னார். அவளுக்கு வெட்கம் வந்துவிட்டது.

கார் தெருமுனை தாண்டும்வரை கொழுந்தன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். பிறகு வெள்ளைக் கோட்டைக் கழற்றி நாற்காலிமேல் வீசினான்.

"அண்ணி, வாரி எங்க இருக்கு?"

அவள் ஏற்கெனவே மரத்தூள் மூட்டையை இழுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

"நாளன்னிக்கு லாரி வருது" என்றார் பண்ணைக்காரர். அந்த வாரத்தில் அவர் பேசிய மிக நீளமான வாக்கியம் அதுதான்.

"ரெண்டு நாளாவது காஞ்ச இடத்துல நிக்கட்டுங்க" என்றாள் அவள்.

அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஈர மரத்தூளை அள்ளுகிற தட்டு ஒன்று ஓரமாகக் கிடந்தது. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அதை எடுத்தார். மூன்று பேரும் வாசலிலிருந்து தொடங்கினார்கள். கிளறிவிட்ட புதுத் தூளில் கோழிகள் ஒவ்வொன்றாகக் கால் வைத்துப் பார்த்தன.