முதலாம் எண் சுதந்திர வீடு

இதனால் நாட்டு மக்கள் அனைவருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், வருகிற திங்கட்கிழமை காலை பத்து மணி நாற்பது நிமிடம் முதல் இந்த நாடு நிலக்கரிக்காகவும் எண்ணெய்க்காகவும் எவர் வாசலிலும் போய் நிற்காது. சூரியன் நம்முடையது. காற்றும் நம்முடையதே. முதற்கட்டமாக ஒரு வீடு அந்நியக் கரியின் பிடியிலிருந்து நிரந்தரமாக விடுவிக்கப்பட்டு, 'முதலாம் எண் சுதந்திர வீடு' என்று பிரகடனம் செய்யப்படும்.

அறிவிப்பின் நகல் எல்லா இலாகாக்களுக்கும் போயிற்று. சூரியனுக்குப் போனதா என்று தெரியவில்லை.

அந்த வீடு மின்வாரிய லைன்மேன் ஒருவனுடைய அக்காவின் வீடு. இரண்டு அறை, ஒரு சமையல் மேடை, மேலே நாலு பேர் நின்றால் இடிபடும் மொட்டைமாடி. நகரத்தில் இதைவிட நல்ல மாடிகள் ஆயிரம் இருந்தன. ஆனால் அக்கா துறைமுகத்தில் இருபத்தாறு வருஷம் கப்பல் கரியைக் கூடையில் அள்ளிக் கொட்டியவள். கரித்தூள் அவள் நுரையீரலிலேயே குடித்தனம் வந்துவிட்டது. இப்போது கட்டிலுக்குப் பக்கத்தில் ஓர் ஆக்சிஜன் மெஷின். அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் மூக்குக்கு வரும். மெஷின் ஓடினால் அக்கா பேசுவாள், சமைப்பாள், பக்கத்து வீட்டைப் பற்றி வம்பளப்பாள். நின்றால் கொஞ்ச நேரத்தில் உதடு நீலம் பாரிக்கும். 'கரியால் கெட்ட மூச்சு, கதிரவனால் மீண்டது' என்று யாரோ ஓர் அதிகாரி வாசகம் எழுதினார். எழுதிய பிறகு அதற்குத் தோதான ஆளைத் தேடினார்கள். லைன்மேன்தான் அக்காவின் பெயரைக் கொடுத்தான்.

கணக்கெடுக்க வந்த இன்ஜினியர் வாயைத் திறந்தால் 'தன்னிறைவு' என்பார். ஆகவே லைன்மேன்களுக்கு அவர் பெயரே தன்னிறைவு.

"லைட் எத்தனை? ஃபேன் எத்தனை? டிவி உண்டா?" என்று படிவத்தை நிரப்பிக்கொண்டே போனார்.

"சார், இந்த மெஷினு?" என்றான் லைன்மேன்.

"ஃபார்ம்ல அதுக்கு இடம் இல்லையேப்பா. 'இதர'ன்னு எழுதினா மேல இருந்து கேள்வி வரும்."

"ராத்திரி பகலா ஓடுமே சார்."

"நம்ம பேட்டரியைப் பத்தி உனக்குத் தெரியாது. ஃபாரின் சரக்கு. தாங்கும்."

சுதந்திரத்தை வெளிநாட்டிலிருந்து தருவித்திருந்தார்கள். லைன்மேன் சரி என்று தலையாட்டினான். முப்பது வருஷமாகக் கம்பத்தில் ஏறி இறங்கியவனுக்கு ஒருவரும் ஒரு நாளும் கை தட்டியதில்லை. திங்கட்கிழமை தட்டப் போகிறார்கள்.

தட்டவும் தட்டினார்கள். அமைச்சர் கீழே தங்க நிறக் கத்தரிக்கோலால் ரிப்பனை வெட்ட, அதே நொடியில் லைன்மேன் மேலே கம்பத்தில் கட்டிங் பிளேயரால் நிஜ ஒயரை வெட்டினான். வெட்டிய ஒயர் படத்தில் அசிங்கமாகத் தொங்குகிறது என்று போட்டோக்காரர் சொன்னதால், அதைச் சுருட்டி இறக்கி, சுவரில் இருந்த கிளாம்பையும் பிடுங்கினான். 'நிரந்தரத் துண்டிப்பு' என்ற தாளில் கையெழுத்தும் போட்டான்.

"எப்படிம்மா இருக்கு சுதந்திரக் காத்து?" என்று அமைச்சர் குனிந்து கேட்டார்.

"குழாயில வர்ற காத்துதானே சார். நேத்து மாதிரியேதான் இருக்கு," என்றாள் அக்கா.

கூட்டம் சிரித்தது. மறுநாள் பத்திரிகையில் அவள் ஆனந்தக் கண்ணீர் வடித்ததாக வந்தது. "நான் எப்படா அழுதேன்?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு அந்தப் பக்கத்தைக் கிழித்து அலமாரிக்குள் வைத்துக்கொண்டாள். அதில் கம்பத்து உச்சியில் தம்பியின் முதுகு தெரிந்தது.

மாடியில் பதித்த சூரிய ஒளிப் பலகைகளைக் குறை சொல்ல முடியாது. எட்டு நாள் வெயில் காய்ந்தது, எட்டு நாளும் அவை சொன்ன பேச்சைக் கேட்டன. சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டி. பேட்டரியில் எத்தனை சதவீதம் மிச்சம் என்று பச்சை எழுத்தில் காட்டும். அக்கா அதைக் குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல் நாளுக்குப் பத்துத் தடவை பார்த்தாள்.

ஒன்பதாம் நாள் மேகம் கவிந்தது. கூடவே காற்று. ஊரெங்கும் கம்பிகள் அறுந்தன. லைன்மேனுக்குக் கம்பம் கம்பமாக வேலை. அக்கா வீட்டுப் பக்கம் தலைகாட்ட முடியவில்லை. மறுநாள் காலை போனில்தான் விசாரித்தான்.

"எவ்வளவுக்கா?"

"அறுபத்தெட்டு."

அன்று மதியம் மீண்டும் கேட்டான். ஐம்பத்தொன்று என்றாள். வானம் விடுகிற மாதிரித் தெரியவில்லை. அவன் நேரே தன்னிறைவிடம் போனான்.

"சார், ரெண்டு நாளைக்குப் பழைய லைனை மாட்டிக்கறேன். வெயில் வந்ததும் கழட்டிடறேன்."

இன்ஜினியர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். "யோவ், வெள்ளிக்கிழமை வெளிநாட்டுக் குழு அந்த வீட்டைப் பார்க்க வருது. ஒயர் தொங்கினா என்னய்யா சொல்றது? அதுவும் நிரந்தரத் துண்டிப்பு. மறுபடி வேணும்னா புது இணைப்புக்கு எழுதணும். சுதந்திர வீட்டுக்குப் புது இணைப்பு தரக் கூடாதுன்னு சட்டமே இருக்கு. நான்தான் டிராஃப்ட் பண்ணேன்."

எத்தனையோ வீட்டுக்கு எந்தத் தாளும் இல்லாமல் ஒயர் மாட்டிக் கொடுத்தவன் லைன்மேன். வாய்மொழியாகக் கேட்டாலே போதும், ஏறிவிடுவான். இந்த ஒரு வீட்டுக்கு மட்டும், கை தட்டல் காதில் இன்னும் மிச்சமிருந்ததால், சட்டம் பார்த்தான்.

அக்காவுக்குப் போன் போட்டான். "வெள்ளிக்கிழமை வரைக்கும் தாங்கணும்க்கா. இல்லைன்னா என் பேரு கெட்டுடும். வேணும்னா ரெண்டு நாள் ஆஸ்பத்திரியில படுத்துக்கிறியா?"

"நல்லா இருக்கே. டிவியில வந்தவ... ஆஸ்பத்திரியில போய்ப் படுத்தா... உன் ஆபீஸ்காரனுங்க சிரிப்பானுங்க. தாங்கும்டா. நான் பார்த்துக்கறேன்."

வார்த்தைகள் விட்டு விட்டு வந்தன. காற்றில் போன் லைனும் கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டான்.

மறுநாள் காலையில் கேட்டான். "எவ்வளவு?"

"நாப்பத்தி... நாலு."

"அட! பரவாயில்லையே!"

"பின்னே? நான் யாரோட... அக்கா?"

உடன் வேலை செய்பவர்களிடம் பெருமையாகச் சொன்னான். "வெயிலே இல்லாம ஓடுதுடா! தன்னிறைவு ஆளு கிறுக்குதான், ஆனா சரக்கு நல்ல சரக்கு." அவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். மேஸ்திரி மட்டும், "அப்போ நமக்கெல்லாம் வேலை காலி," என்று சிரித்தார்.

மதியம் ஒரு கம்பத்தின் உச்சியில், இடுப்புப் பெல்ட்டில் சாய்ந்து, அறுந்த கம்பியை முறுக்கிக்கொண்டிருக்கும்போதுதான் அவனுடைய தொழில் புத்தி விழித்தது. அந்த மெஷின் மணிக்கு மூன்று, நான்கு சதவீதம் தின்னும். ஒரு ராத்திரி ஓடினாலே நாற்பது போயிருக்க வேண்டும். நேற்று மதியம் ஐம்பத்தொன்று. இன்று காலை நாற்பத்து நான்கு. போனது ஏழு.

ஏழு என்றால் இரண்டு மணி நேரம்.

இரண்டு நாளாக அவன் அக்காவிடம் எண்ணைத்தான் கேட்டிருந்தான். எப்படி இருக்கிறாய் என்று ஒரு தடவை கேட்கவில்லை.

கம்பத்திலிருந்து எப்படி இறங்கினான் என்று பிறகு அவனுக்கே நினைவில்லை. ஒரு சுருள் ஒயரைத் தோளில் மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளை விரட்டினான். சட்டம், வெள்ளிக்கிழமை, பேர் எல்லாம் வழியில் எங்கோ உதிர்ந்து போயின.

கதவு சாத்தியிருந்தது, தாழ்ப்பாள் போடவில்லை. ஃபேன் ஓடவில்லை. லைட் எரியவில்லை. அக்கா கட்டிலில் தலையணையை முதுகுக்கு வைத்து உட்கார்ந்திருந்தாள். குழாய் மூக்கில் ஒழுங்காக மாட்டியிருந்தது. வலது கை மெஷினின் சுவிட்சுக்கு ஒரு சாண் தூரத்தில் கிடந்தது. மடியில் ஒரு பழைய காலண்டர் தாள். அதில் அவள் எழுத்தில் வரிசையாக நேரங்கள்: ஆன், ஆஃப், ஆன், ஆஃப். முதலில் அரை மணி அரை மணியாக நிறுத்தியிருந்தாள். பிறகு ஒரு மணி. பிறகு இரண்டு. கடைசி வரியில் 'ஆஃப்' மட்டும் இருந்தது.

"அக்கா," என்றான். தோளைத் தொட்டான். "அக்கா, ஒயர் கொண்டாந்துட்டேன்க்கா."

சுவரில் பச்சை எழுத்து நாற்பத்தொன்று என்றது.

அவன் சுவிட்சைப் போட்டான். மெஷின் உடனே கிளம்பியது. ஒரு குறையும் இல்லாமல், எப்போதும்போல் மூச்சு வாங்கி மூச்சு விட்டு ஓடியது. அதை நிறுத்த அவனுக்குக் கை வரவில்லை. சுருள் ஒயர் தோளில் கிடக்க, தரையில் உட்கார்ந்து, பக்கத்து வீட்டுக்காரி உள்ளே வந்து அலறும் வரை அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

வெள்ளிக்கிழமை வெளிநாட்டுக் குழுவுக்கு அமைச்சகத்தின் வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பொம்மை வீட்டைக் காட்டினார்கள். அதற்குள் குட்டி விளக்கு எரிந்தது. குழு மெச்சியது.

அந்த மாத அறிக்கையில், முதலாம் எண் சுதந்திர வீடு தன் தேவைக்கு மேல் மின்சாரம் உற்பத்தி செய்ததாகப் பதிவாகியிருந்தது.