நாற்பத்திரண்டாம் எண் வீடு கிழக்கே நடந்த வரலாறு

எங்கள் தெருவின் நாற்பத்திரண்டாம் எண் வீடு நான்கு ஆண்டுகளில் பதினோரு அடி கிழக்கே நடந்திருக்கிறது. அந்த வீட்டுக்காரரான ஓய்வுபெற்ற டிரில் மாஸ்டர், உலகத்தில் பிறந்த, இனிமேல் பிறக்கப்போகிற எந்தக் குழந்தையையும் ஒரே விசிலில் சிலையாக நிறுத்தத் தன்னால் முடியும் என்று அறிவித்திருக்கிறார். இவ்விரண்டில் முதலாவதைத் தெருவில் எல்லோரும் அளந்து பார்த்துவிட்டார்கள். இரண்டாவதை மாஸ்டரே சொல்லிவிட்டதால் அளக்க வேண்டிய அவசியம் ஏற்படவில்லை.

வீடு நடந்ததற்குக் காரணம் மாஸ்டரின் மனைவி உள்ளே நடத்திவந்த குழந்தைகள் காப்பகம். தெரு அவரை டீச்சரம்மா என்றது, குழந்தைகள் அத்தை என்றன. இரண்டு வயதிலிருந்து ஐந்து வயதுவரை மொத்தம் பதினோரு பேர். கூடத்தின் நீளம் பதினாறு அடி. பதினாறு அடி வெற்றிடத்தைப் பார்க்கும் மூன்று வயதுக்காரருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு யோசனைதான் தோன்றும். மேற்குச் சுவரிலிருந்து பிய்த்துக்கொண்டு கிளம்பி, கிழக்குச் சுவரில் இரண்டு கைகளாலும் தொம்மென்று அறைந்து நிற்பார்கள். திரும்பும்போது மூச்சு வாங்குவதால் நடந்து வருவார்கள். ஒரு தொம்முக்கு ஒரு நூலிழை வீதம் வீடு கிழக்கே நகர்ந்தது. இதை முதலில் கண்டுபிடித்தவர் பால்காரர். சைக்கிளை விட்டு இறங்காமலேயே ஜன்னல் கட்டையில் பால் பாக்கெட்டை வைத்துப் பழகியவர், ஒரு நாள் அதே இடத்தில் கையை நீட்ட, பாக்கெட் தரையில் விழுந்தது. பிளம்பர் ஆண்டுக்கு ஒரு முறை, யாரும் கூப்பிடாமலேயே, மூன்றடிக் குழாயைத் தோளில் வைத்துக்கொண்டு வந்து, தண்ணீர் இணைப்பை நீட்டிவிட்டுப் போக ஆரம்பித்தார். மற்றபடி யாருக்கும் தொந்தரவு இல்லை, பக்கத்து வீட்டுத் தையல்காரரைத் தவிர.

தையல்காரருக்கும் அந்த வீட்டுக்கும் நடுவே முன்பு பதினான்கு அடி இடைவெளி இருந்தது. அளவெடுக்கும் தொழில்காரர் என்பதால், தினமும் காலையில் பல் துலக்குவதற்கு முன்பே கழுத்திலிருக்கும் டேப்பை எடுத்து அளந்து, சுவரில் சாக்பீஸால் எழுதுவார். மூன்றடி என்று எழுதிய அன்று நகராட்சிக்கு மனு கொடுத்தார். நகராட்சி சர்வேயர் வந்தார். வீடு நடப்பதைப் பற்றி அவர் ஆச்சரியம் எதுவும் காட்டவில்லை. அனுமதி வாங்காமல் நடப்பதைப் பற்றித்தான் வருத்தப்பட்டார். கிழக்குச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, சிமென்ட் தரையில் சிவப்புப் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டார். ஆறு மாதம் கழித்து வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு வருவதாகவும், சுவர் கோட்டைத் தாண்டியிருந்தால் காப்பகத்தை அன்றைக்கே பூட்டிவிடுவதாகவும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அதைப் பதினோரு அம்மாக்களும் படித்தார்கள். அந்தக் கூடத்தை விட்டால் பிள்ளையைக் கொண்டுபோய் விட வேறு இடம் கிடையாது. ஆஸ்பத்திரி நர்ஸ் அடுத்த மாத டியூட்டியைப் பாதியாகக் குறைக்கச் சொல்லி மனு எழுதி, கொடுக்க மனமில்லாமல் கைப்பையிலேயே வைத்திருந்தாள்.

டீச்சரம்மா யாரிடமும் புலம்பவில்லை. கலர் டேப் இரண்டு சுருள் வாங்கி, கூடத்திலிருந்து குளியலறை வரை தரையில் பாம்பு மாதிரி வளைத்து வளைத்து ஒட்டினார். நேர்கோட்டில் ஓடுகிற குழந்தை வளைந்த கோட்டில் ஓடினால் விழும் என்பதால், தானாகவே நடக்க ஆரம்பித்தது. காலை பத்து மணிக்கும் மதியம் மூன்று மணிக்கும் எல்லோரையும் பின்பக்கம் அவிழ்த்துவிட்டார். ஓட வேண்டிய ஓட்டமெல்லாம் அங்கே ஓடித் தீர்ந்தது. விளையாட்டை நிறுத்துவதற்கு முன்னால், "இன்னும் ரெண்டு கோபுரம் கட்டிட்டு எடுத்து வைக்கப் போறோம்" என்று முன்கூட்டியே சொல்லி வைத்தார். எதைச் சொன்னாலும் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, முகத்துக்கு முகம் பார்த்து, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார். "கை கழுவப் போறோம். நத்தை மாதிரி போகலாமா, புகை மாதிரி போகலாமா?" கேட்டுவிட்டு ஐந்து எண்ணும்வரை பதிலுக்குக் காத்திருந்தார். குழந்தைகள் பெரும்பாலும் புகையாகவே போனார்கள். ஐந்தரை மாதம் வீடு அசையவில்லை. தினமும் ஒரே எண்ணை எழுதி எழுதித் தையல்காரருக்கு வாழ்க்கையே சலித்துவிட்டது.

மாஸ்டருக்கு இதெல்லாம் மானக்கேடாக இருந்தது. முப்பத்தொரு வருடம் மைதானத்தில் முந்நூறு பையன்களை மேய்த்த மனிதர், வீட்டில் குளியலறைக்குப் போக வேண்டுமென்றாலும் டேப் மேல்தான் நடந்தாக வேண்டும் என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்? சலூன் பெஞ்சில் உட்கார்ந்து தினமும் கொட்டித் தீர்த்தார்.

"நத்தையா, புகையான்னு கெஞ்சிட்டு இருக்காய்யா! ரெண்டு வயசுப் பொடிசுகிட்ட அபிப்பிராயம் கேக்குறா. என் காலத்துல பசங்க எச்சில் முழுங்கணும்னாக்கூட என்னைத்தான் பாப்பானுங்க."

"அப்புறம் ஏன் மாஸ்டர் ஊர்ல உங்க வீடு மட்டும் நடக்குது?" என்றார் முடிதிருத்துபவர், கத்தரியை நிறுத்தாமல்.

"அது அவ டிபார்ட்மென்ட். என் கையில ஒரு நாள் குடுக்கட்டும், அப்புறம் பாரு."

அந்த ஒரு நாள், சர்வேயர் வரவேண்டிய வெள்ளிக்கிழமையாகவே அமைந்தது. டீச்சரம்மாவின் கடைவாய்ப் பல் முந்தின நாளே வீங்கி, கன்னம் பந்தாகியிருந்தது. பல் டாக்டர் பதினொரு மணிக்குத்தான் நேரம் கொடுத்தார். கிளம்பும்போது வாசலில் நின்று, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "ஏங்க, பத்து மணிக்கு மறக்காம பின்பக்கம் விட்டுடுங்க. அந்த விசில் மட்டும் வேண்டாம், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்றார். "நீ நிம்மதியாப் போ. திரும்பி வரும்போது சலவைக்குப் போட்ட துணி மாதிரி மடிச்சு அடுக்கி வச்சிருக்கேன்" என்றார் மாஸ்டர்.

பத்து மணிக்கு மாஸ்டர் பின்கதவைத் திறக்கவில்லை. ஒழுங்கு என்பது உட்கார்வதில் ஆரம்பிக்கிறது என்பது அவர் கொள்கை. பதினோரு பேரையும் உயர வரிசைப்படி சுவரோரமாக உட்காரவைத்தார். பதினோரு மணிவரை உட்கார்ந்தார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொருவராகக் கொதிக்கிற பால் மாதிரி மேலே வர ஆரம்பித்தார்கள். பன்னிரண்டரைக்கு மிளகு என்று எல்லோரும் கூப்பிடும் மூன்றரை வயதுச் சிறுமி எழுந்து நின்றதும், மாஸ்டர் சட்டைப்பையிலிருந்து விசிலை எடுத்து, நுரையீரலில் இருந்த மொத்தக் காற்றையும் செலவழித்து ஊதினார். விசில் என்றால் ஓட்டப் பந்தயம் ஆரம்பம் என்பது குழந்தைகளுக்கு யாரும் சொல்லித்தராமலேயே தெரியும். பதினோரு பேரும் ஒரே நேரத்தில் கிளம்பி, ஒரே நேரத்தில் கிழக்குச் சுவரை அறைந்தார்கள். வீடு ஒரு முழு அடி பாய்ந்தது. நிறுத்துவதற்காக மாஸ்டர் இரண்டாவது விசில் ஊதினார். இன்னோர் அடி. தன் தொழில் மேல் அவருக்கிருந்த நம்பிக்கையைப் பாராட்டியாக வேண்டும். மூன்றாவது விசிலும் ஊதினார். அரை அடி போய் வீடு நின்றபோது, கிழக்கு ஜன்னலுக்கு வெளியே அரை அடி தூரத்தில், அவர் வீட்டு ஜன்னலில், தையல்காரரின் மூக்கு இருந்தது.

"மாஸ்டர், இன்னும் ஒரு விசில் அடிச்சீங்கன்னா உங்க கூடமும் என் தையல் மெஷினும் சம்பந்தி ஆயிடும்" என்றார் அவர்.

சிவப்புக் கோடு வீட்டுக்கு அடியில் எங்கேயோ போயிருந்தது. நான்கு மணிக்கு இன்னும் மூன்றேகால் மணி நேரம் பாக்கி. மாஸ்டர் முதலில் வெளியே போய், கிழக்குச் சுவரின் மூலையில் தோளைச் செருகித் தள்ளிப் பார்த்தார். தையல்காரரும் ஒரு கை கொடுத்தார். சட்டைத் தையல் பிரிந்ததுதான் மிச்சம். உள்ளே வந்து, "எல்லாரும் மேற்கே ஓடுங்க!" என்று உத்தரவிட்டார். பாதிப் பேர் அழுதார்கள், மீதிப் பேர் அழுகிறவர்களை வேடிக்கை பார்த்தார்கள். ஒரு பையன் செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டு, தன் வீட்டுக்குப் போவதாகத் தகவல் சொன்னான். முந்நூறு பேரை மேய்த்தவர், தலையில் கை வைத்துத் தரையில் உட்கார்ந்தார். அப்போதுதான் மிளகு பக்கத்தில் வந்து நின்றாள்.

"மாமா, நீங்க கேக்கவே இல்லையே."

"என்ன கேக்கலை?"

"நத்தையா, புகையான்னு."

மாஸ்டர் எழுந்துபோய்த் தெரு ஜன்னலின் திரையை இழுத்து மூடினார். திரும்பி வந்து குத்துக்கால் போட்டு உட்கார்ந்தார். முழங்கால்கள் இரண்டும் அடுத்தடுத்துச் சொடுக்கு விட்டன. தொண்டையைச் செருமிக்கொண்டு, ஆஸ்பத்திரியில் பேசுகிற குரலில், "நத்தையா... புகையா?" என்றார். மிளகும் அவரைப் போலவே குத்துக்கால் போட்டு உட்கார்ந்தாள். "நத்தை. நத்தைதான் வீட்டைத் தூக்கிட்டுப் போகும்" என்றாள். மாஸ்டர் கைகளையும் முழங்கால்களையும் தரையில் ஊன்றினார்.

பதினோரு சின்ன நத்தைகளும் ஒரு பெரிய நத்தையும் கிழக்குச் சுவரிலிருந்து மேற்கு நோக்கி ஊர்ந்தன. மேற்குச் சுவரில் தலை முட்டியபோது வீடு இரண்டு விரற்கடை பின்னால் வந்திருந்தது. நத்தைக்கு அவசரம் கூடாது என்பதால் ஒரு நடைக்கு எட்டு நிமிடம் பிடித்தது. முடிந்ததும் வீட்டை அப்படியே வைத்துவிட்டு, புகையாகத் திரும்பி வந்து, மறுபடி நத்தையானார்கள். தையல்காரர் வெளியே சுவருக்கும் சுவருக்கும் நடுவே டேப்பைப் பிடித்துக்கொண்டு குரல் கொடுத்தார். ஒன்பதாவது நடையில் நான்கு நத்தைகள் வழியிலேயே தூங்கிவிட்டன. மற்றவை அவற்றைச் சுற்றிக்கொண்டு போயின. பன்னிரண்டாவது நடையில் மாஸ்டரின் கால்சட்டை முழங்காலில் கிழிந்தது. "கோடு தெரியுது மாஸ்டர்!" என்று தையல்காரர் கத்தியபோது அது பதினைந்தாவது நடை. பதினாறாவதை மாஸ்டரே கேட்டு வாங்கி ஊர்ந்தார்.

பல் டாக்டரிடம் மதியம்வரை காத்திருந்த டீச்சரம்மா மூன்றரைக்கு மரத்த வாயோடு உள்ளே நுழைந்து, தரையில் கிடந்த கணவரைப் பார்த்தார். சொல்வதற்கு நிறைய இருந்தும், பல் டாக்டரின் ஊசி இடம் கொடுக்கவில்லை. நான்கு மணிக்குச் சர்வேயர் வந்தார். வெளியே அளந்தார். சுவர் கோட்டுக்கு இந்தப்பக்கம் நான்கு விரற்கடை இருந்தது. கதவைத் திறந்து உள்ளே பார்த்தார். பிறகு நோட்டுப் புத்தகத்தில், 'கட்டடம் நிற்கிறது. உள்ளே இருப்பவர்கள் ஊர்கிறார்கள். விதிமீறல் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நர்ஸ் அன்று மாலை பிள்ளையைக் கூப்பிட வந்தபோது கைப்பையிலிருந்த மனுவைக் கிழித்து, குப்பைக் கூடையில் போட்டுவிட்டுப் போனாள்.

மறுநாள் சலூனில் மாஸ்டர் நடந்ததை விளக்கினார். அவர் கணக்குப்படி வீட்டைப் பின்னால் வரவழைத்தது நான்காவது விசில். அது ஊதப்பட்டதை யாரும் கேட்காததற்குக் காரணம், அவ்வளவு துல்லியமாக ஊதியதுதான். முடிதிருத்துபவர் கண்ணாடி வழியாக அவருடைய கால்சட்டை முழங்காலில் இருந்த புது ஒட்டுத்துணியைப் பார்த்தார். அதைத் தைத்த தையல்காரர் அன்று காலையிலேயே சலூனுக்கு வந்து போயிருந்தார்.

இப்போது வீடு பெரும்பாலும் நிற்கிறது. எப்போதாவது, காப்பகம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில், ஓட்டமும் சத்தமும் இல்லாமல் அதற்குப் பொழுதுபோகாதபோது, கிழக்குச் சுவர் லேசாகத் துடிக்கும். போன ஞாயிறு மதியம் டீச்சரம்மா கடைக்குப் போயிருந்த நேரத்தில் அப்படித்தான் துடித்தது, அலமாரியில் டம்ளர்கள் குலுங்கின. செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டு, சுவரின் முன்னால் மெதுவாகக் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தார்.

"ஜன்னலைத் திறக்கட்டுமா, ரேடியோவைப் போடட்டுமா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். கேட்டுவிட்டு, உதடு அசையாமல் ஐந்து எண்ணினார். பிறகு எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தார்.