இரவல் சோபா

கழுத்துவரை கடனில் மூழ்கிய ஒருவர் வீட்டுக்குள் காலங்காத்தாலே அருமையான சோபா ஒன்று நுழைகிறது என்றால் பார்ப்பவர்களுக்குச் சந்தேகம் வரத்தான் செய்யும். சலவைக்கடைக்காரருக்கு வரவில்லை. சோபாவின் ஒரு முனையைப் பிடித்தபடி அவர் மாடிப்படியில் பின்பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தார். சந்தேகப்பட அவரிடம் மூச்சு மிச்சமில்லை.

"வளைவுல பாத்து. சுவத்துல உரசிடாதீங்க, மேல்வீட்டு அக்காவோட சோபா," என்றாள் மறுமுனையைப் பிடித்திருந்த மனைவி.

எல்லாம் அந்தச் சலவை இயந்திரங்களால் வந்த வினை. பெரிதாக இரண்டைக் கடனில் வாங்கிப் போட்டார். போட்ட கையோடு அடுத்த தெருவில் ஒருவன் பாதிக் கூலிக்குத் துவைத்துத் தர ஆரம்பித்தான். இயந்திரக் கடனைக் கட்ட ஒரு கடன், அதைக் கட்ட இன்னொன்று என்று போய், போன் அடித்தாலே அதைத் தலையணைக்கடியில் தள்ளிவிடும் நிலைக்கு வந்தார். கடைசியில் கடன் ஆலோசனை மையத்தில் ஒரு பெண் அவரை உட்காரவைத்துப் பொறுமையாக வழி சொன்னாள். வட்டியைக் குறைக்கச் சொல்லிக் கடன் கொடுத்தவர்களிடம் பேசலாம். எல்லாக் கடனையும் சேர்த்து ஒரே தவணையாக்கலாம். இரண்டும் ஆகாவிட்டால் திவால் மனு. முதல் இரண்டும் பேசிப் பார்த்து ஓய்ந்தாயிற்று. மனுவை ஏற்றுக்கொண்டால் சில வருடம் முடிந்ததைக் கட்டினால் போதும், மீதி தள்ளுபடி. பிழைப்புக்கென்று ஓர் இயந்திரத்தையும் விட்டுவைப்பார்கள். அதற்கு முன் ஓர் அதிகாரி வீட்டுக்கு வந்து, இருப்பதையெல்லாம் பார்த்துப் போவார்.

"வீட்டுக்கா?" என்று மனைவி கேட்டபோதே விஷயம் கைமீறிவிட்டது.

திவாலாவதில் அவளுக்கு அத்தனை வருத்தமில்லை. ஆனால் முன்பின் தெரியாத ஒருவர் வந்து, கால் உடைந்து செங்கல் முட்டுக்கொடுத்த தங்கள் சோபாவில் உட்கார்ந்துவிட்டுப் போவதை அவளால் தாங்க முடியாது. ஆகவே அதுவும் பழைய டிவியும் மாடிக்குப் போயின. மேல்வீட்டுக் கரும்பச்சை சோபா கீழே வந்தது. கூடவே பெரிய டிவி, கம்பளம், கண்ணாடி மேசை. போகிற போக்கில் மேல்வீட்டு அண்ணனின் சட்டை ஒன்றும் கடைக்காரரின் உடம்புக்கு வந்து சேர்ந்தது.

"நம்மகிட்ட ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்சுக்கத்தானே அவங்க வராங்க?" என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தார்.

"இல்லாததை இல்லன்னு காட்டுறதுக்கும் ஒரு முறை இருக்கு. நீங்க கையை மடிச்சு விடுங்க, சட்டை தொளதொளன்னு இருக்கு."

அவர் கையை மடித்து விட்டுக்கொண்டார்.

அதிகாரி அம்மாள் வந்தார். சோபாவில் உட்கார்ந்து, துணியைத் தடவிப் பார்த்தார்.

"நல்ல சோபா."

"ஏதோ எங்க வசதிக்கு வாங்கினது," என்றாள் மனைவி.

"டிவி?"

"அதுவா... இவருக்கு ஆசைன்னு."

கடைக்காரர் திருதிருவென்று விழித்தார். அதிகாரி பேனாவை மூடினார்.

"ஐயா, வெளிப்படையா சொல்றேன். இப்படி வீடு வெச்சிருக்கவங்க மனுவை நான் பரிந்துரை பண்ண முடியாது. இதெல்லாத்தையும், கடையில இருக்க ரெண்டு மெஷினையும் வித்துக் கட்டுங்கன்னுதான் எழுதணும்."

ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். கடைக்காரர் வாயைத் திறந்தார். மனைவியைப் பார்த்தார். முகத்தில் சிரிப்பு அப்படியே நிற்க, அவள் விரல்கள் மட்டும் சோபா உறையைப் பிசைந்துகொண்டிருந்தன. வாடிக்கையாளரின் பட்டுச் சட்டையை அவள் வெந்நீரில் போட்டுக் குட்டிச்சட்டை ஆக்கியபோதுகூடத் தன் தவறு என்று சொன்ன மனிதர் அவர். வெளியாள் முன்னால் அவளை விட்டுக்கொடுத்துப் பழக்கமில்லை. மெஷின் போனால் போகட்டும், கையால் துவைத்துக்கொள்வோம் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டார். சில பேரைத் திருத்தவே முடியாது.

வாய் திறந்ததையும் மூடியதையும் மனைவி பார்த்தாள்.

"இது மேல்வீட்டு சோபா," என்றாள். "டிவியும் அவங்களோடது. கம்பளம், மேசை, இவர் போட்டிருக்க சட்டை, எல்லாமே. எங்களோடது எதுன்னு கேட்டா, சுவத்துல அடிச்சிருக்க இந்த ஆணிதான். சுவரு வாடகைக்கு."

அதிகாரி சோபாவிலிருந்து எழுந்தார்.

"அப்போ உங்க சாமான் எங்க?"

"மாடியில."

"வேற வீட்ல கொண்டு வெச்சா அதுக்குப் பேரு சொத்தை மறைக்கிறது. மனுவையே தள்ளிடுவாங்க, தெரியுமாம்மா?"

"சொத்தை மறைக்கல மேடம். எங்க லட்சணத்தை மறைச்சோம்," என்றவள் அழுதுவிட்டாள். கடைக்காரர் அவள் தோளைத் தொட்டார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது.

மூவரும் மாடி ஏறினார்கள். மேல்வீட்டுத் தம்பதி அந்த உடைந்த சோபாவில், அது சாய்ந்துவிடாதபடி ஆளுக்கொரு பக்கம் எடை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அதிகாரி செங்கல்லைப் பார்த்தார், டேப் ஒட்டிய டிவியைப் பார்த்தார், ஜன்னல் பக்கம் திரும்பி லேசாக இருமினார். அது இருமல் இல்லை, அடக்கிய சிரிப்பு என்று எல்லோருக்கும் தெரிந்தது.

"இதை வித்தா வண்டிக்கூலியை எங்க ஆபீஸ்தான் குடுக்கணும். ஒரு மெஷினை ஒப்படைச்சிடுங்க, இன்னொண்ணு உங்களுக்கு. மனுவை நான் பரிந்துரைக்கிறேன். இனிமே வீட்டை அழகுபடுத்தாதீங்க."

கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். அதிகாரி வாசலைத் தாண்டியதும் மேல்வீட்டு அண்ணன் பின்னாலேயே ஓடினார்.

"மேடம், ஒரு நிமிஷம். கீழ நீங்க உக்காந்திருந்த சோபாவுக்குத் தவணை கட்டி ரொம்ப நாளாச்சு. டிவிக்கும்தான். அந்த மனு... எங்கள மாதிரி ஆளுங்களும் குடுக்கலாமா?"

"மொதல்ல கடன் ஆலோசனை மையத்துக்குப் போங்க. மனு தேவையா இல்லையான்னு அவங்க சொல்வாங்க," என்றபடி அதிகாரி படியிறங்கினார்.

மேல்வீட்டு அக்கா தலை நிமிரவில்லை. அந்த வீட்டுக்குள் காலடி வைக்கும்போதெல்லாம் தானாகக் குரலைத் தணித்துக்கொள்ளும் கடைக்காரரின் மனைவி, இன்று நேராகப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். செங்கல் நழுவி, சோபா ஒரு பக்கமாகச் சாய்ந்து, இருவரும் ஒருவர்மேல் ஒருவர் சரிந்தார்கள்.

"வெளிய சொல்றதுக்குத்தான்க்கா நாக்கு எழாது," என்றாள். "மையத்துக்கு நானும் கூட வரேன். நீங்க பாதியில நிறுத்திட்டா, மீதியை நான் சொல்றேன்."