உங்க நல்லதுக்குத்தான்

சட்டைக் காலரைத் திருப்பிப் போட்டு இஸ்திரிப் பெட்டியை அழுத்தியபோது ஏதோ பொசுங்கும் வாடை வந்தது. துணிதான் கருகுகிறதென்று குனிந்து பார்த்தாள். எதிர் மேசையில் பட்டன் தைத்துக்கொண்டிருந்த தோழி ஓடிவந்து அவள் கையை வெடுக்கென்று இழுத்தாள். ஆள்காட்டி விரல் நுனி வெளுத்துக் கொப்பளித்திருந்தது.

"ஏண்டி, உறைக்கவே இல்லியா உனக்கு?"

"மருந்து ஏத்துனதுலேருந்து விரலெல்லாம் மரத்துக் கெடக்குடி. யாருகிட்டயும் சொல்லித் தொலைக்காத."

மார்பில் புற்றுநோய் என்று தெரிந்து, அறுவை முடிந்து, மருந்தேற்றி, உதிர்ந்த முடி இப்போதுதான் கோழிக்குஞ்சின் ரோமம்போல முளைத்திருந்தது. தலையில் துணியைக் கட்டிக்கொண்டு அவள் வேலைக்குத் திரும்பியதில் வீட்டில் யாருக்கும் சம்மதமில்லை. ஆனால் வீட்டில் இருப்பதுதான் அவளுக்குப் பெரும்பாடாக இருந்தது. நாத்தனார் வந்தால் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் மூக்கைச் சிந்துவாள். அவளைத் தேற்றி, தண்ணீர் கொடுத்து, பஸ் ஏற்றிவிடுவதற்குள் இவளுக்கு மூச்சு வாங்கும். இவள் லேசாக இருமினால்கூடக் கணவன் பதறி எழுந்து உட்கார்ந்தான். அவனுக்காகவே இருமலை அடக்கப் பழகினாள்.

தொழிற்சாலையில் அந்தத் தொல்லை இல்லை. திரும்பி வந்த முதல் நாளே, மின்விசிறியை யார் பக்கம் திருப்புவது என்று பட்டன்காரியோடு சண்டை. "சீக்காளின்னா விட்டுக் குடுத்துருவேன்னு நெனச்சியா?" என்று அவள் விசிறியைத் தன் பக்கமே திருப்பிக்கொண்டாள். வெகுநாளைக்குப் பிறகு இவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

விரலில் சுற்றிய துணியை மேற்பார்வையாளர் பார்த்துவிட்டார். தன் அறைக்குக் கூப்பிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். இத்தனை வருஷத்தில் அந்த அறையில் அவள் உட்கார்ந்ததே இல்லை. நாற்காலியின் நுனியிலேயே உட்கார்ந்தாள்.

"உங்க நல்லதுக்குத்தாம்மா சொல்றேன். வீட்ல நிம்மதியா ரெஸ்ட் எடுங்க."

"இங்கதான் சார் எனக்கு நிம்மதி. இஸ்திரி வேணாம்னா பிசிறு நூல் வெட்டுறேன். மடிச்சு அடுக்குறேன். எதுனாலும் குடுங்க."

"அதுக்கெல்லாம் ஆள் இருக்கும்மா. ஒடம்பு தேறட்டும். ஒங்க எடம் எங்க போயிடப் போவுது?"

குரலில் துளிக் கடுமை இல்லை. சிடுசிடுத்திருந்தாலாவது பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பாள்.

புண் ஆறித் தோல் உரிந்தது. வேலைக்குப் போகலாம் என்று மருத்துவரும் சொல்லிவிட்டார். மறுநாள் காலையிலேயே கிளம்பிப் போனாள். வாசலில் என்றுமில்லாத நெரிசல். காவலாளி தட்டு நிறைய இளஞ்சிவப்பு ரிப்பன்களை வைத்துக்கொண்டு, உள்ளே போகிற ஒவ்வொருவருக்கும் ஒன்று குத்திவிட்டுக்கொண்டிருந்தார். மதிலில் புதிய பேனர்: 'புற்றுநோயை வென்ற பெண்களின் பக்கம் நாங்கள்.'

வாசலில் வருகை பதியும் இயந்திரத்தில் அவள் தன் அட்டையை வைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். மறுபடியும் சிவப்பு.

காவலாளி கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார். "ஒன் கார்டை நிறுத்திட்டாங்கம்மா. ஒன் மேசைக்குப் புதுசா ஆள் போட்டாச்சு. ஒனக்குச் சொல்லலியா?"

பின்னாலிருந்து, "சீக்கிரம் போங்கப்பா, மணி அடிச்சிரும்" என்று யாரோ கத்தினார்கள். காவலாளி கையைப் பிசைந்தார். பிறகு தட்டிலிருந்து ஒரு ரிப்பனை எடுத்து அவளுக்கும் குத்திவிட்டு, "கொஞ்சம் ஓரமா நின்னுக்கம்மா" என்றார்.

இடப்பக்கம், அறுவை நடந்த இடத்தில், தளர்ந்து தொங்கிய துணியில் ரிப்பன் சாய்ந்து கிடந்தது. அவள் மதிலோரம் ஒதுங்கி நின்றாள். மற்ற ரிப்பன்கள் ஒவ்வொன்றாக அவளைக் கடந்து உள்ளே போயின.